நிமிடத்துக்கு ஒரு டிகிரி

காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால், மாலை நான்கு மணிக்குத்தான் அந்த உலை ஐந்நூறு டிகிரியைத் தொடும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அதற்கு மேல் அரை டிகிரிகூட ஆகாது. அதன்பின் இரண்டு மணி நேரம் அதே சூட்டில் நிற்க வேண்டும். பிறகு அணைத்துவிட்டு, தானாக ஆறும்வரை கதவைத் தொடாமல் விடிந்தபின் வந்து திறக்க வேண்டும். ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில், ஆறு ஆண்டுகளாக இந்த ஒழுங்கைக் கட்டிக் காத்தவளை எல்லோரும் உலையம்மா என்றே அழைத்தார்கள். மேல்மாடியில் இருந்தவர்களுக்குப் பட்டங்கள் இருந்தன, பெயர்ப்பலகைகள் இருந்தன, ஏடுகளில் அச்சேறிய கட்டுரைகள் இருந்தன. அவளுக்கு உலை இருந்தது.

அவள் செய்தது ஒன்றுமில்லாததை. உள்ளே ஒன்றுமே இல்லாத உருண்டைகளை. சர்க்கரைத் தண்ணீரை எஃகுக் கலத்தில் இறுக மூடிச் சூடாக்கினால் அது கரியாகும். வெறும் கரியன்று, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கரி உருண்டைகளாகும். அவற்றை வெள்ளீய உப்புக் கரைசலில் ஊறப்போட்டால் ஒவ்வோர் உருண்டையின் மேலும் உப்பு ஒரு தோலாகப் படியும். அதன்பிறகு உலை. மெல்ல மெல்லச் சூடேற, உள்ளிருக்கும் கரி எரிந்து, தோலின் நுண்துளைகள் வழியே ஓசையில்லாமல் வெளியேறிப் போகும். தோல் மட்டும் நிற்கும். மாவு போல வெளுத்த தூள். நச்சுவாயு அந்த உருண்டைகளை வெளியேயும் தொடும், உள்ளேயும் நுழைந்து தொடும். தொட்ட சில நொடிகளில் அவற்றின் வழியே ஓடும் மின்சாரம் மாறும். மாறியதும் மணி அலறும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தக் கரியைப் பொறுமையாக வழியனுப்ப வேண்டும். விரட்டினால் தோலைக் கிழித்துக்கொண்டு போகும். பாதி போகாமலும் கிடக்கும்.

இதையெல்லாம் அவள் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனையோ தட்டுத் தூளைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றாள். கற்ற பிறகு, அதை இன்னும் ஒழுங்காகச் செய்ய அவளுக்கென்று ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு வயது முப்பத்திரண்டு. அவள் தம்பி.

நகரத்தின் கழிவுநீர்க் குழிகளில் இறங்குவது அவன் வேலை. சின்ன வயதில் குளத்தில் மூழ்கினால் கரையில் நிற்பவர்கள் அழத் தொடங்கும்வரை வெளியே வரமாட்டான் என்பதால், அவனை முக்குளி என்று கூப்பிட்டார்கள். அந்த மூச்சுத்தான் அவனுக்குச் சோறு போட்டது. மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வீசினால் பயமில்லை என்பான்; திடீரென்று நாற்றம் நின்றுபோனால்தான் பயம் என்பான். "மூக்கு முதல்ல சாகும். ஆளு அப்புறம்." இதை அவன் சிரித்துக்கொண்டே சொல்லுவான். அவன் மனைவி சிரிக்கமாட்டாள்.

"கவலைப்படாதடா, உன் மூக்குக்குப் பதிலா ஒரு மூக்கு செஞ்சு தர்றேன்" என்று அக்கா ஒரு நாள் சொல்லிவைத்தாள். சொன்னது சும்மா அல்ல. அவளுடைய தூளை வைத்து நிலையத்தில் செய்த முதல் கருவி, குழியின் வாயுவை எட்டே நொடியில் கண்டுபிடித்து வீறிட்டது. உள்ளங்கை அகலத்தில் கழுத்தில் தொங்கும் பெட்டி. அன்று வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் எட்டு விரலைக் காட்டினாள். "எட்டே எட்டு. நீ மூச்சை இழுத்து விடுறதுக்குள்ள கத்திடும்."

"அப்போ எனக்கு ஒண்ணு எடுத்து வை, அக்கா. முதல் பெட்டி எனக்குத்தான்."

"உனக்கில்லாம யாருக்குடா?"

வாக்குக் கொடுத்துவிட்டாள். இனி நடந்தவை எல்லாம் அந்த வாக்கின் கதை.

*

ஒரு திங்கட்கிழமை, ஒருபோதும் கீழ்த்தளத்துக்கு இறங்காத இயக்குநர் இறங்கி வந்தார். உலை அறையின் வெக்கையில் அவர் கண்ணாடி வியர்த்தது. கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை விழா. அமைச்சர் வர்றார். பத்துக் குழித் தொழிலாளிகளுக்குப் பத்துக் கருவி. அவர் கையாலேயே கழுத்துல மாட்டிவிடுறார். தூள் வேணும்மா."

"எவ்வளவு சார்?"

"பத்துக் கருவிக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். உலை சின்னது, ஒரு தடவைக்கு ஒரு தட்டுத்தான் கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு தட்டு. சலித்து, கழுவி, தேறாதது போகக் கையில் நிற்பது ஒரு கருவிக்கு வரும். "பத்து நாள் கொடுங்க சார். நான் ஞாயித்துக்கிழமையும் வர்றேன்."

"பத்து நாளா? அமைச்சர் தேதியை உன் உலையைக் கேட்டா வெப்பாங்க?" அவர் சுவரில் ஒட்டியிருந்த வெப்ப அட்டவணையைப் பார்த்தார். அவள் கையெழுத்து. "நிமிஷத்துக்கு ஒரு டிகிரி. ஏன், பத்து வெச்சா என்ன? ஒரு மணி நேரத்துல முடிஞ்சுபோயிடும்."

"கிழிஞ்சுபோயிடும் சார்."

"என்ன கிழியும்?"

"தோலு."

இயக்குநர் சிரித்தார். வெள்ளீய ஆக்சைடு உருண்டைகளைப் பற்றி இருபது நாடுகளில் உரையாற்றியவர் அவர். அவருக்கு ஓர் உலைக்காரி தோலைப் பற்றிச் சொல்லித்தருகிறாள்! "அதெல்லாம் கொஞ்சம் உடையும்மா. உடையாதது மிச்சம் இருக்குமில்ல, அது போதும். சரி, உனக்கு வேண்டாம்னா சொல்லு, விழாவைத் தள்ளிப் போட்டுடறேன். திட்டமே அப்படியே கிடப்புல போகட்டும். பத்துப் பேரு பட்டியல்ல உன் தம்பி பேரும் இருக்காமே?"

இருந்தது. அவளே மன்றாடிச் சேர்த்த பெயர்.

அங்கேதான் அவள் வழுக்கினாள். அறியாமையால் வழுக்கியிருந்தால் மன்னிக்கலாம். அவள் அறிந்தே வழுக்கினாள். மூக்கே இல்லாமல் இருப்பதைவிட மந்தமான மூக்காவது இருக்கட்டுமே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். அவர் படியேறிப் போனதும் உலையின் முன் நின்றாள். ஒன்று என்ற எண்ணை அழித்துவிட்டுப் பத்து என்று அழுத்தினாள். அழுத்தியது அவள் விரல். வேறு எவர் விரலும் அல்ல.

*

வந்தது வெள்ளையாக இல்லை. சாம்பலாக வந்தது. அங்கங்கே கறுப்புத் திட்டு. எரிந்து போக நேரமில்லாத கரி உள்ளேயே சிக்கிக் கிடந்தது. போன கரியும் மரியாதையாகப் போகவில்லை என்பது தூளைத் தொட்டதுமே விரலுக்குத் தெரிந்தது. மாவு போல வழுக்கியது இப்போது மணல் போல நறநறத்தது.

கருவிகளில் தூளைப் பூசிக் கம்பி பற்றவைக்கும் ஈயக்காரர் தட்டைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். இருபது ஆண்டுகளாக ஈயப் புகை குடித்தவர். வாயில் எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது.

"என்ன உலையம்மா, சுடுகாட்டுல இருந்து அள்ளிட்டு வந்தியா?"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணே."

"கிண்டல் இல்ல. இது இந்த நிறத்துல மேல போச்சுன்னா பெரியவரு துள்ளிக் குதிப்பாரு. தரக்குறிப்புல 'வெண்ணிறத் தூள்'னு போட்டிருக்கு."

இயக்குநர் துள்ளவில்லை. அவரிடம் வழி இருந்தது. அலமாரியில் மூன்று புட்டிகளில் பழைய தூள் இருந்தது. பொறுமையாகச் சுட்டது, அப்பழுக்கில்லாத வெள்ளை. அதையும் இதையும் கலந்துவிடச் சொன்னார். கலந்தாலும் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. நிறம் ஒன்றுபோல வரும்வரை அரைத்துவிடச் சொன்னார்.

அந்தக் கூடத்தில் முதல் நாளே அவளுக்குச் சொல்லப்பட்ட விதி ஒன்று உண்டு: இந்தத் தூளை அரைக்கவே கூடாது. எரிசாராயத்தில் போட்டுக் கலக்கிக்கொள்ளலாம், சல்லடையில் தட்டிக்கொள்ளலாம், கல்வத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. முட்டையோடுகளை அம்மியில் வைத்து அரைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகும். அவளிடம் பணிக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அவளே இதைச் சொல்லியிருக்கிறாள்.

அன்று அவள் கல்வத்தை எடுத்தாள். குழவியைப் பிடித்தாள். மூன்று புட்டி வெள்ளையையும் சாம்பலோடு சேர்த்து அரைத்தாள். நல்லதைக் கெட்டதோடு சேர்த்தால் கெட்டது நல்லதாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஆளுகிற இடத்தில், நல்லதும் சேர்ந்து பாழாவது தவிர வேறென்ன நடக்கும்? அரை மணி நேரத்தில் எல்லாம் ஒரே நிறமானது. கண்ணுக்கு நிறைவான, இளஞ்சாம்பல் கலந்த வெள்ளை.

"இப்ப பாரு, நல்லா இருக்கு" என்றார் இயக்குநர்.

திங்கட்கிழமை பத்துக் கருவிகளும் தயாராயின. அவற்றில் தன் தம்பியின் எண்ணுள்ள நான்காம் கருவியை அவள் சோதனைப் பெட்டியில் வைத்தாள். கண்ணாடிப் பெட்டி; அதற்கு ரப்பர்க் குழாய் வழியே உருளையிலிருந்து வாயு வரும். எந்த அளவு வாயுவில் முதல் கருவி எட்டு நொடியில் கத்தியதோ, அதே அளவைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

எட்டு நொடி போயிற்று. இருபது போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. பக்கத்தில் நின்ற ஈயக்காரர் கிண்டலை மறந்தார். மூன்று நிமிடம் நாற்பது நொடி கழித்து, தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் மணி அடித்தது.

அவள் இரண்டு மாடி ஏறினாள். இயக்குநர் விழா அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"சார், மூணு நிமிஷம் நாப்பது நொடி ஆகுது."

"அடிக்குதா இல்லையா?"

"அடிக்குது. ஆனா—"

"தரக்குறிப்பை எடுத்துப் பாரு. 'நச்சுவாயு கண்டால் ஒலி எழுப்பும்.' எப்போன்னு போட்டிருக்கா?"

"குழிக்குள்ள ரெண்டு இழுப்புப் போதும் சார். மூணாவது இழுக்க ஆளு இருக்கமாட்டான்."

"அடுத்த கட்டத்துல சரி பண்ணிடலாம். இது முன்னோட்டம்தானே?" அழைப்பிதழில் தம் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்தார். "விழா மேடையில காட்டறதுக்கு அந்த முதல் கருவியை எடுத்து வை. எட்டு நொடிக் கருவி. கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் காட்டுறது உன் பொறுப்பு. ஒழுங்கா செய்."

ஆக, மேடைக்கு எட்டு நொடி. குழிக்கு மூன்று நிமிடம் நாற்பது நொடி. பார்ப்பவன் கண்ணுக்கு ஒரு கருவி, சாகிறவன் கழுத்துக்கு ஒரு கருவி!

*

மாலையில் தம்பி வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறை. கயிற்றில் காய்ந்த அவன் வேலைச் சட்டையில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத நாற்றம். அவன் தரையில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி அடுப்படியில் நின்றாள்.

"வா வா, விஞ்ஞானி! நாளைக்கு அமைச்சர் எனக்கு மாலை போடப்போறாராம். முடி வெட்டிக்கச் சொல்லி ஆர்டர். பாரு எப்படி இருக்கேன்!"

"அந்தப் பெட்டியை நம்பாதடா."

நகவெட்டி நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பத்து டிகிரியையும் சொன்னாள், கல்வத்தையும் சொன்னாள். தன் விரலையும் கையையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்து, "கழுத்துல மாட்டிக்கோ. ஆனா அது இல்லைன்னு நினைச்சுக்கோ. எப்பவும் போல ஊதுபெட்டியை ஓட்டச் சொல்லி, காத்து உள்ள போன பிறகு இறங்கு. மேல கயித்தைப் பிடிக்கிறவங்க ரெண்டு பேரும் கண்ணை எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஊதுபெட்டி எங்க இருக்கு அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. "அதைத்தான் போன வாரமே வண்டியில ஏத்திட்டாங்களே."

"என்னது?"

"காண்ட்ராக்டர் சொல்லிட்டார், அக்கா" என்றான் தம்பி. "கருவி வருது, இனிமே ஊதுபெட்டி எதுக்கு, மேல ரெண்டு ஆளு எதுக்குன்னு. மேல நின்ன ரெண்டு பேரையும் வேற குழிக்கு இறக்கி விட்டுட்டார். இனிமே கயித்தைக் கம்பத்துல கட்டிட்டு இறங்கணுமாம். பெட்டி கத்தினா நாங்களே ஏறி வரணுமாம்."

அவள் சுவரில் சாய்ந்தாள். அவள் நினைத்திருந்தது என்ன? இருக்கும் காவலோடு இன்னொரு காவல். நடந்தது என்ன? இருந்த காவலைப் பிடுங்கிக்கொள்ள ஒரு சாக்கு. காற்றை ஊதிய பெட்டி போயிற்று. கயிற்றைப் பிடித்த கைகள் போயின. எல்லாவற்றுக்கும் பதிலாக அவள் அரைத்த சாம்பல் வந்திருக்கிறது.

"நான் உனக்காகத்தாண்டா செஞ்சேன்."

"தெரியும்க்கா." அவன் வெட்டிய நகத்தையெல்லாம் ஒரு தாளில் கூட்டினான். "ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. நீங்க எல்லாரும் பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க. ஆறு வருஷமா உக்காந்து, நான் சாகப்போறேன்னு எனக்கே சொல்றதுக்கு ஒரு மணி செஞ்சிருக்கீங்க. நான் இறங்காம இருக்க ஒண்ணு செய்யணும்னு எவனுக்கும் தோணலையா?"

அந்தக் கேள்வியை இரண்டு மாடி ஏறிப் போய்க் கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. நிலவைத் துளைத்து மண் எடுக்கத் தெரிந்த கைகள் இருக்கின்ற உலகத்தில், நாலு முழ ஆழத்திலிருந்து மலத்தை எடுக்க மட்டும் மனிதனின் கைதான் வேண்டும் என்று விதித்தவர் யார்? அறிவு போதவில்லையா? இல்லை. இறங்குகிறவனின் உயிர் மலிவு. அதனால் அறிவுக்கு அங்கே அவசரம் இல்லை.

"நாளைக்குப் போகாத" என்றாள் தம்பி மனைவி.

"விழாவுக்கா, வேலைக்கா? விழாவுக்குப் போகலைன்னா வேலை இல்லைன்னுட்டார். வேலைக்குப் போகலைன்னா வீடே இல்லை." அவன் பழைய சிரிப்பைச் சிரிக்கப் பார்த்தான். "விடுங்க. மூணு நிமிஷம் நாப்பது நொடிதானே? நானும் முக்குளிதான். நாளைக்கு அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எது ஜெயிக்குதுன்னு பார்த்துடலாம்."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

*

விழா மண்டபத்தில் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள். மேடையின் பின்திரை முழுக்க ஒரு படம்: நுண்ணோக்கியில் எடுத்த ஒற்றை உருண்டை, வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு. ஒரு பக்கம் உடைந்து, உள்ளே இருட்டாகத் தெரிந்தது.

மேடையின் ஓரத்தில் புதுச் சீருடையோடு வரிசையில் நின்ற தம்பி, மேசையருகே நின்ற அக்காவின் பக்கம் குனிந்தான். "ஏன்க்கா உடைஞ்சதைப் போய்ப் படம் எடுத்துப் போட்டிருக்காங்க? நல்லதா ஒண்ணு கிடைக்கலையா?"

"முழுசா இருந்தா உள்ள காலியா இருக்கறது தெரியாதுடா. ஒண்ணாவது உடைஞ்சாத்தான் நம்புவாங்க."

"ஓ" என்றான் அவன். "எங்க கணக்கும் அதேதான்."

அமைச்சர் வந்தார். பத்துக் கழுத்துகளிலும் பத்துப் பெட்டிகளை மாட்டினார். ஒவ்வொரு கழுத்துக்கும் ஒரு புகைப்படம். ஒப்பந்தக்காரர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுக் கைதட்டினார். இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இனி ஒரு தொழிலாளியும் குழிக்குள் மடியமாட்டான்" என்றார். அந்த வாக்கியத்தை அவர் இரண்டு தடவை சொன்னார். பிறகு, "இதோ, உங்கள் கண்முன்னே!" என்று கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்.

மேசைமேல், நீலத் துணியில், எட்டு நொடிக் கருவி இருந்தது. உலையம்மா அதை எடுத்தாள். எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டாள். மூன்றடி நடந்து, தம்பியின் கழுத்திலிருந்த நான்காம் எண் கருவியைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். இயக்குநருக்கு முகம் வெளுத்தது. ஆனால் ஒலிவாங்கி முன்னால் என்ன சொல்ல முடியும்? அவள் குழாயைத் திறந்துவிட்டு, தம்பியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

முக்குளி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து மூக்கை விரலால் பிடித்துக்கொண்டான்.

பக்கத்தில் நின்றவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. குழிக்குள் இறங்குகிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் மூக்கைப் பிடித்தான், அடுத்தவன் பிடித்தான், பத்துப் பேரும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியையே பார்த்து நின்றார்கள். ஏதோ ஒத்திகை பார்த்த நிகழ்ச்சி என்று எண்ணி முன்வரிசை சிரித்தது.

அரை நிமிடம். மணி இல்லை. நாற்பதாம் நொடியில், வரிசையின் கோடியில் நின்ற நரைத்த மனிதன் வாயைத் திறந்து காற்றை அள்ளினான். ஒரு நிமிடத்துக்குள் ஐந்து பேர் திறந்துவிட்டார்கள். திறந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இயக்குநர் பேசினார். இடைவெளியைப் பேச்சால் அடைக்கத் தெரிந்தவர் அவர். அறிவியலின் பொறுமையைப் பற்றிப் பேசினார், நாட்டின் பெருமையைப் பற்றிப் பேசினார். ஒன்றரை நிமிடத்தில் முக்குளியைத் தவிர எவரும் மிச்சமில்லை. அவன் கழுத்து நரம்புகள் கயிறுகளாகப் புடைத்தன, முகம் கருநீலமாகியது. இரண்டு நிமிடம் பத்து நொடியில், குளத்தின் அடியிலிருந்து எழுகிறவனைப் போல் அவனும் வாயைப் பிளந்து முழந்தாளிட்டான்.

பத்துப் பேரும் முடிந்தார்கள். மணி இன்னும் அடிக்கவில்லை.

அது ஒன்றரை நிமிடம் கழித்து அடித்தது. உரத்து, கணீரென்று, மண்டபமே அதிர அடித்தது. அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததும் மண்டபமே எழுந்தது.

"மூணு நிமிஷம் நாப்பது நொடி!" என்று கத்தினாள் உலையம்மா. "ஐயா, மூணு நிமிஷம் நாப்பது நொடி! பத்துப் பேரும் செத்தாச்சு!"

கைதட்டலில் அவள் குரல் முன்வரிசைக்குக்கூட எட்டவில்லை. இயக்குநர் மகிழ்ச்சியால் ஈரமான கண்களோடு சொன்னார்: "பார்த்தீர்களா? உறுதியாக ஒலித்தது!"

*

மறுநாள் அவளுடைய உலை அறைக்குப் புதுப் பூட்டு. காட்சிக் கருவியை மாற்றி வைத்ததற்காகவும், விழாவின் கண்ணியத்தைக் கெடுத்ததற்காகவும் பணிநீக்கம் என்று ஒரு தாள். ஈயக்காரர் அவள் பையை வாசல்வரை தூக்கி வந்தார்.

"அந்த எட்டு நொடிப் பெட்டியையாவது என் தம்பிக்குக் கொடுத்துடுங்கன்னு கேட்டேன் அண்ணே."

"வாயைத் திறந்து கேட்டியா? உன் பையைச் சோதனை போட்டுத்தானே புடுங்கினாங்க. முகப்புக் கூடத்துல கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டிட்டாங்க. கீழ விளக்கு வேற." அவர் பையை அவள் கையில் கொடுத்தார். "போற வர்றவங்க பார்க்கணுமாம்."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேராகத் தம்பி வேலை செய்யும் தெருவுக்குப் போனாள். நடுத்தெருவில் ஓர் இரும்பு மூடி திறந்து கிடந்தது. விளக்குக் கம்பத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது; அதன் மறுமுனை தம்பியின் இடுப்பில். கழுத்தில் நான்காம் எண் கருவி. சற்றுத் தள்ளி வண்டி நிழலில் ஒப்பந்தக்காரர் பேரேட்டோடு நின்றார்.

"நேத்து மேடையில நின்னவதானே நீ? இங்கெல்லாம் நிக்கக் கூடாது."

"இவன் அக்கா."

"அக்கான்னா வீட்டுல. இது வேலை செய்யற இடம்."

"மேல ஆளு வேணுமில்ல? நான் நிக்கிறேன். எனக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

ஒன்றும் தர வேண்டாம் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. தோளைக் குலுக்கிவிட்டு நிழலுக்குத் திரும்பினார். அவள் கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உலையின் கைப்பிடியைத் தவிர வேறெதையும் இறுகப் பிடித்தறியாத கைகள்.

தம்பி குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டான். "நாப்பது வரைக்கும் எண்ணு, அக்கா. சத்தமா. எனக்குக் கேக்கணும். நாப்பதுல நான் அசையறேனோ இல்லையோ, இழுத்துடு."

"சரிடா."

"நடுவுல அழக் கூடாது. எண்ணு தப்பிடும்."

அவன் இறங்கினான். அவள் எண்ணினாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். ஒரு காலத்தில் நிமிடத்துக்கு ஒரு டிகிரியாக எண்ணிய வாய் இப்போது நொடிக்கு ஒன்றாக எண்ணியது. ஐந்நூறுக்குப் போகும் பொறுமை அங்கே இல்லை, நாற்பதோடு முடிந்தது. நாற்பது என்றதும் தெருவில் காலை ஊன்றி இழுத்தாள். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு வந்தது. முதலில் கை வந்தது, பிறகு தலை வந்தது. அவன் விளிம்பில் கவிழ்ந்து விழுந்து, இருமி, வாந்தியெடுத்து, மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினான். அவள் அவன் முகத்தைத் தன் துணியால் துடைத்தாள்.

துடைத்து முடிக்கும்வரை நேரம் இருந்தது. கைகால் கழுவத் தண்ணீர் கேட்டு வாங்கிவரும்வரை நேரம் இருந்தது. அதன்பிறகு, நல்ல காற்றில், நடுத்தெருவில், அவன் நெஞ்சின் மேல் கிடந்த பெட்டி அலறத் தொடங்கியது.

ஒப்பந்தக்காரர் நிழலிலிருந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பார்த்தியாம்மா? மேல ஆளு வேணும்னியே. அடிக்குது பாரு!" பேரேட்டைத் திறந்து அன்றைய தேதிக்கு எதிரே எழுதினார்: கருவி வேலை செய்தது.

தம்பி எழுந்து உட்கார்ந்தான். பெட்டியின் வாயைக் கையால் பொத்தினான். அது பொத்திய கைக்குள்ளும் அலறியது. அலறி ஓய்ந்ததும், தெருக்கோடியில் திறந்து வைத்திருந்த அடுத்த மூடியைப் பார்த்தான்.

"கை உரிஞ்சிருக்கேக்கா. பிடிக்க முடியுமா?"

அவள் கயிற்றை மறுபடி இடுப்பில் சுற்றினாள். அவன் இறங்கினான். அவள் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.